பாய்மரக் கப்பலில் நான்கு நாட்களும் நான் விட்ட கயிறும்

இந்தக் கட்டுரையை ஆகஸ்டிலேயே எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். மூன்று மாதம் இழுத்தடித்துவிட்டேன். "பாய்மரக் கப்பலில் போனீங்களே, எவ்வளவு செலவு, எப்படிப் பதிவது?" என்று கேட்டுக் கேட்டு அலுத்துப் போனவர்கள் மன்னிக்க வேண்டும். மழை, வேலை, நெட் இல்லை என்று ஆளுக்கொரு சாக்குச் சொன்னேன். அதெல்லாம் சும்மா. வெட்கமாக இருந்தது, அதுதான் காரணம். இப்போதும் வெட்கமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் எழுதிவிடுகிறேன்.

புதிதாக வருகிறவர்களுக்காக ஒரு வரி: நான் கொட்டகலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கண்டாக்கு. காலையில் பெரட்டுக் களத்தில் ஆட்களைக் கூட்டி, பேர் போட்டு, யார் எந்த மலைக்கு என்று பிரித்து அனுப்பிவிட்டு, நாள் முழுக்க அவர்களுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொள்கிற உத்தியோகம். லீவு கிடைத்தால் ஊர் சுற்றுவேன். சுற்றினால் இங்கே எழுதுவேன்.

முதலிலேயே சொல்லிவிட வேண்டியது, இந்தப் பயணம் எனக்கு வந்ததல்ல. சூசை அண்ணனுக்கு வந்தது. அவர் எங்கள் தோட்டத்தில் மரம் வெட்டுகிறவர். தேயிலைக்கு நிழல் தரும், சில்வர் ஓக் என்பார்களே, அந்தச் சவுக்கு மரங்களில் ஏறிக் கிளை கழிப்பது அவருக்கும் தேவராஜுக்கும் வேலை. ஒருவர் ஏறும்போது மற்றவர் கீழே கயிறு பிடிப்பார். மேலே இருப்பவரின் இடுப்பில் கட்டிய கயிறு அது. ஒரு கிளைக் கவட்டையில் மாட்டிக் கீழே இறங்கி வரும். கீழே இருப்பவர் கொஞ்சம் அசந்தால் மேலே இருப்பவர் கதை முடிந்தது. பதினெட்டு வருடமாக இரண்டு பேரும் மாறி மாறி ஏறுகிறார்கள், பிடிக்கிறார்கள். ஒரு கீறல் கிடையாது.

மார்ச் மாதம் எங்கள் தோட்டத்துப் பழைய பங்களாவில் ஹென்றிக் என்ற வெள்ளைக்காரர் வந்து தங்கினார். பாய்மரக் கப்பல் ஒன்றின் கேப்டன். அவர் விட்ட ட்ரோன் அறுபதடி உயரச் சவுக்கில் போய் மாட்டிக்கொண்டது. சூசை அண்ணன் ஏறி, அதைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு ஐந்து நிமிடத்தில் இறங்கி வந்தார். கேப்டன் காசு நீட்டினார், இவர் வாங்கவில்லை. "அப்படியென்றால் ஆகஸ்டில் திருகோணமலைக்கு வா. நான்கு நாள் என் கப்பலில் இரு. என் பாய்மரத்தில் ஏறு" என்றார் அவர். சூசை அண்ணனுக்கு இங்கிலீஷ் வராது. மொழிபெயர்க்க ஒரு ஆளையும் கூட்டி வரலாம் என்றார் கேப்டன். அந்த ஆள்தான் நான். சுத்த ஓசிப் பயணம்.

அதற்குப் பிறகு ஐந்து மாதமும் சூசை அண்ணனுக்கு வேறு பேச்சே இல்லை. "எத்தன அடிங்கய்யா இருக்கும் அந்த மரம்? நம்ம சவுக்க விட ஒசரமா?" தொண்ணூறு அடியாம் என்றேன். "தொண்ணூறா! அதுவும் ஆடிக்கிட்டே வேற இருக்குமே!" நாற்பத்தைந்து வயது மனுஷன், இதைச் சொல்லும்போது முகத்தைப் பார்க்க வேண்டும்.

ஆகஸ்ட் இரண்டாவது வியாழக்கிழமை காலை 5.30க்குக் கொட்டகலையில் பஸ் ஏறினோம். அட்டன் ஆறு கிலோமீட்டர். அங்கே 6.00 மணி பஸ் பிடித்து, கினிகத்தேனை வழியாகக் கண்டிக்கு 8.50. கினிகத்தேனை இறக்கத்தில் எனக்கு வழக்கமாக வருகிற தலைச்சுற்றல் அன்றும் வந்தது. ரோட்டிலேயே இப்படி என்றால் கடலில் என்ன ஆகும் என்று சூசை அண்ணன் கேட்டுச் சிரித்தார். கண்டியிலிருந்து திருகோணமலை சுமார் 180 கிலோமீட்டர். 9.20 பஸ், போய்ச் சேர 3.15. கடற்கரைக்குக் கிட்ட ஒரு அறை, இரண்டு பேருக்கு 4,500 ரூபாய். மலையிலிருந்து போகிறவர்கள் எல்லாரும் செய்கிற தப்பை நாங்களும் செய்தோம்: ஆளுக்கு இரண்டு ஸ்வெட்டர். ஆகஸ்டில் திருகோணமலை வெயிலுக்கு ஸ்வெட்டரைப் பார்த்தாலே வியர்க்கும்.

மறுநாள் காலை எட்டு மணிக்குச் சின்னப் படகில் ஏற்றிக்கொண்டு போனார்கள். கப்பலைக் கிட்டப் பார்த்ததும் இருவருக்கும் வாயடைத்துவிட்டது. மூன்று பாய்மரம். ஒவ்வொன்றிலும் குறுக்குக் கட்டைகள், அவற்றில் சுருட்டிக் கட்டிய பாய்கள். நூற்றுக்கும் மேலே கயிறுகள். ஒவ்வொரு கயிறும் ஓரத்தில் வரிசையாக நிற்கும் மரமுளைகளில் சுற்றியிருந்தது. சூசை அண்ணன் ஒவ்வொரு முளையாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டே போனார். "கட்டுன கட்டு பூராம் ஒரே மாதிரி இருக்குங்கய்யா. வேலக்காரனுங்க" என்றார். அவர் வாயால் அப்படிப் பாராட்டு வாங்குவது சுலபமல்ல.

இது சும்மா உட்கார்ந்து போகிற கப்பலில்லை, தெரிந்துகொள்ளுங்கள். பயணிகள் இருபத்துநான்கு பேர், கப்பல் ஆட்கள் எட்டுப் பேர். பயணிகளை மூன்று கூட்டமாகப் பிரித்துவிடுவார்கள். நான்கு மணி நேரம் வேலை, எட்டு மணி நேரம் ஓய்வு. பாய் ஏற்ற வேண்டும், இறக்க வேண்டும், தளம் கழுவ வேண்டும், உருளைக்கிழங்கு உரிக்க வேண்டும். எங்கள் கூட்டத்துக்குத் தலைவி லேனா. கப்பலில் பத்து வருடம் வேலை செய்த பெண். முதல் நாள் முழுக்க அவள் கயிறு பாடம் எடுத்தாள். எல்லாவற்றையும் விட முக்கியம் என்று மூன்று தடவை சொன்னது ஒன்றுதான்: கையில் கயிறு இருந்தால், அடுத்த ஆள் "நான் பிடித்துவிட்டேன்" என்று சொல்கிற வரைக்கும் விடாதே. நான் மொழிபெயர்த்தேன். "இது தெரியாதாங்கய்யா" என்றார் சூசை அண்ணன்.

படுக்கை இரண்டடி அகலம். சாப்பாடு நன்றாகவே இருந்தது. தேநீர்தான் கொடுமை, சின்னப் பையில் கட்டிய தூளை வெந்நீரில் தொங்கவிட்டுக் கொடுத்தார்கள். சூசை அண்ணன் அந்த நூலைப் பிடித்துத் தூக்கிப் பார்த்துவிட்டு மரியாதைக்குக் குடித்தார். நான் அன்று சாயந்தரம் இரண்டு தடவை வாந்தி எடுத்தேன். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. மூன்றாம் நாள் காலை ஆறு மணிக்கு அவர் ஏறலாம் என்று கேப்டன் நாள் குறித்துக் கொடுத்தார்.

இரண்டாம் நாள் மத்தியானம் இரண்டு மணி. கச்சான் காற்று பிய்த்துக்கொண்டு அடித்தது. பின்பக்கத்துப் பெரிய பாயை ஏற்ற வேண்டும். அந்தப் பாயின் தலைப்பில் ஒரு கனமான கட்டை இருக்கும், அதையும் சேர்த்தே மேலே இழுக்க வேண்டும். ஆறு பேர் வரிசையாக நின்றோம். கடைசி ஆள் நான். கயிற்றின் வாலை முளையில் சுற்றிப் பிடித்துக்கொள்வது என் வேலை. எனக்கு முன்னால் சூசை அண்ணன். அவருக்கு முன்னால் லேனா.

இழுத்தோம். கட்டை பாதிக்கு மேல் போய்விட்டது. எல்லாரும் ஒன்றாகச் சாய்ந்து இழுக்கிற அழகு இருக்கிறதே, அதைப் பார்த்ததும் நான் என்ன செய்தேன் தெரியுமா? கயிற்றை விட்டுவிட்டு இரண்டடி பின்னால் போய் போனை எடுத்தேன். போட்டோ எடுக்க. வேண்டுமென்று செய்யவில்லை, சத்தியமாக. தோட்டத்தில் தினமும் ஆட்கள் வேலையைத் தொடங்கியதும் நான் பின்னால் போய் ஒரு போட்டோ எடுத்துத் தோட்ட மேனேஜர் பெரிய தொரைக்கு அனுப்ப வேண்டும். ஏழு வருடமாக அதே பழக்கம். மற்றவர்கள் குனிந்து வேலை செய்தால் என் கால் தானாகப் பின்னால் போகும், கை தானாகப் பைக்குள் போகும்.

கயிறு முளையிலிருந்து கழன்றது. சர்ரென்று ஓடியது. முன்னால் இருந்தவர்கள் கை சுட்டு விட்டுவிட்டார்கள். கட்டை கீழே வந்தது. சூசை அண்ணன் மட்டும் விடவில்லை. கயிறு அவரை இழுத்துக்கொண்டே போனது, அவர் காலை அந்த முளைப்பலகையில் முட்டுக்கொடுத்து, ஓடுகிற கயிற்றை எப்படியோ ஒரு சுற்றுச் சுற்றிவிட்டார். கட்டை, சுக்கான் பக்கம் நின்ற கேப்டன் தலைக்கு மேலே ஒரு முழ உயரத்தில் நின்றது. அது விழுந்திருந்தால் இன்றைக்கு நான் வேறு எங்கேயோ இருந்து எழுதிக்கொண்டிருப்பேன்.

கேப்டன் ஓடி வந்தார். அப்போது போன் என் பைக்குள் போயிருந்தது. கயிறு சூசை அண்ணன் கையில் இருந்தது. "முதலில் விட்டது யார்?" என்று கேட்டார். எல்லாரும் முன்னால் பார்த்து இழுத்தவர்கள், யாருக்கும் தெரியாது. சூசை அண்ணனுக்குக் கேள்வி விளங்கவில்லை என்று நினைத்து நான் மொழிபெயர்த்தேன். "யாரு மொதல்ல கயித்த விட்டதுன்னு கேக்குறாரு அண்ணே."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு கேப்டனைப் பார்த்தார். "நான்தான்னு சொல்லிடுங்கய்யா" என்றார்.

நான் சொல்லிவிட்டேன். "அவர்தானாம்." நான்கு நாளில் நான் அச்சுப் பிசகாமல் மொழிபெயர்த்தது அந்த ஒரு வாக்கியத்தைத்தான்.

ஏன் அவர் அப்படிச் சொன்னார் என்று தோட்டத்து ஆட்களுக்கு விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். தொரை வந்து நின்று "யாருடைய தப்பு?" என்று கேட்டால், கண்டாக்கு தலைகுனியக் கூடாது என்று ஆள் தன் தலையில் போட்டுக்கொள்வது எங்கள் பக்கம் நடக்கிற கதை. கண்டாக்கும் பேசாமல் இருந்துவிடுவான். கடல் நடுவில் போயும் நாங்கள் இரண்டு பேரும் பெரட்டுக் களத்தில்தான் நின்றோம்.

கேப்டன் கத்தவில்லை. கயிற்றை விட்ட ஆளை மேலே ஏற்ற முடியாது, அது கப்பலின் சட்டம், இந்தப் பயணத்தில் இனி ஏற வேண்டாம் என்று மட்டும் சொன்னார். அதையும் நான்தான் மொழிபெயர்த்தேன். சூசை அண்ணன் "சரிங்க" என்றார். அண்ணாந்து ஒரு தரம் பார்த்தார். பிறகு போய் உருளைக்கிழங்கு உரிக்க உட்கார்ந்தார், இரண்டு உள்ளங்கையும் தோல் உரிந்திருந்தது.

இதோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. அன்று சாயந்தரம் கரைக்குக் கிட்ட வந்தபோது சிக்னல் கிடைத்தது. எங்கள் தோட்டத்து வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு வாய்ஸ் போட்டேன். சிரித்துக்கொண்டே. "நம்ம சூசண்ணே இன்னைக்கு கயித்த விட்டு கேப்டன் தலையில கட்டைய போடப் பாத்தாரு, மாதா புண்ணியத்துல தப்பிச்சோம்" என்று. ஏன் போட்டேன்? முந்திக்கொள்ளத்தான். முதலில் போய்ச் சேர்கிற கதைதான் ஊரில் நிற்கும் என்று எனக்குத் தெரியாதா என்ன.

மூன்றாம் நாள் காலை ஆறு மணிக்கு, காலியாகிவிட்ட அந்த இடத்தில் என்னை ஏறச் சொன்னார்கள். ஏறினேன். வேண்டாம் என்று சொல்ல நாக்கு வரவில்லை. பாதி உயரத்தில் கீழே குனிந்து பார்த்து, அப்படியே கயிற்றைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். கீழே இருந்து ஒரு குரல்: "கீழ பாக்காதீங்கய்யா! மூணு எடத்துல நல்லாப் புடிச்சிக்கிட்டு நாலாவத எடுங்க! அவசரமே இல்ல!" சூசை அண்ணன். கட்டுப்போட்ட கையை வாயருகே குவித்துக் கத்திக்கொண்டிருந்தார். அவர் சொல்லச் சொல்ல முதல் மேடை வரைக்கும் போனேன். அங்கே நின்று எடுத்த படத்துக்குப் பேஸ்புக்கில் நீங்கள் இருநூறு பேர் இதயம் போட்டீர்கள். அந்தப் படத்தை இப்போது நீக்கிவிட்டேன்.

நான்காம் நாள் காலை லேனா சூசை அண்ணனின் கட்டுத்துணியை அவிழ்த்து மருந்து போட்டாள். கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்து, "விட்டவன் கை இப்படிச் சுடாது. பிடித்தவன் கைதான் இப்படிச் சுடும்" என்றாள். மொழிபெயர்க்கச் சொல்லிக் காத்திருந்தாள். நான் மொழிபெயர்க்கவில்லை. எழுந்து நேரே கேப்டனிடம் போய் எல்லாவற்றையும் இங்கிலீஷில் சொன்னேன். தைரியம் வந்து சொன்னேன் என்று யாரும் நினைத்துவிடாதீர்கள். இன்னும் பத்து நிமிடத்தில் லேனாவே சொல்லியிருப்பாள்.

கேப்டன் என்னைத் தாண்டி நடந்தார். சூசை அண்ணனிடம் போய், அவர் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். என் கப்பலைக் காப்பாற்றியவன் நீ, உன்னைத் தண்டித்துவிட்டேன் என்றார். துறைமுகத்துக்குள் வந்தாயிற்று, இப்போது யாரையும் ஏற்ற அனுமதி இல்லை, அடுத்த வருடம் கட்டாயம் வா என்றார். கண் கலங்கியிருந்தது அவருக்கு.

"என்னங்கய்யா சொல்றாரு?" என்று சூசை அண்ணன் என்னைக் கேட்டார்.

"நல்லா வேல செஞ்சீங்களாம். அடுத்த வருஷமும் வரச் சொல்றாரு" என்றேன்.

வெட்கங்கெட்ட நாக்கு. கேப்டனிடம் சொல்ல முடிந்தது, தினமும் என் முகத்தில் முழிக்கிற மனுஷனிடம் சொல்ல முடியவில்லை.

பத்து மணிக்குக் கரை இறங்கி 10.30 பஸ்ஸில் ஏறினோம். அபரணை தாண்டியது. பிறகு ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "ஐயா, கேப்டன் எங்கிட்ட சாரி கேட்டாருங்க. சாரின்னா என்னன்னு எனக்குத் தெரியாதாங்க? நீங்க ஏன் மாத்திச் சொன்னீங்க?"

நான் பஸ் டிக்கெட்டை நாலாக மடித்தேன்.

"அன்னைக்கு நான்தான்னு சொல்லிடுங்கன்னு சொன்னேன். சொன்னா நீங்க, 'இல்ல இல்ல, நான்தான்'னு சொல்லுவீங்கன்னு நெனச்சேங்க" என்றார். கோபமே இல்லாத குரல். கண்டி வரைக்கும் இன்னும் மூன்று மணி நேரம். எனக்கு அழுகை வந்தது, அவருக்குத் தெரியாமல் துடைத்துக்கொண்டேன்.

கொட்டகலையில் இறங்கும்போது இரவு எட்டேகால். பஜாரில் மரக்கறிக் கடைக்காரர் கடையை மூடிக்கொண்டிருந்தார். "என்ன சூசண்ணே, கப்பல் கயித்த விட்டுப்புட்டீங்களாம்ல! கேப்டன் பொழச்சிக்கிட்டாரா?" என்று சிரித்தார். சூசை அண்ணன் அவரைப் பார்க்கவில்லை. திரும்பி என்னைப் பார்த்தார். வாய்ஸ் விஷயம் அவருக்கு அப்போதுதான் தெரிகிறது.

சரி. போக நினைப்பவர்களுக்கு வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். இந்த மாதிரிப் பயணத்துக்கு மே கடைசியிலிருந்து செப்டம்பர் வரை திருகோணமலைக் கடல் நல்லது. காலையில் அமைதியாக இருக்கும், மத்தியானத்துக்குப் பிறகு கச்சான் தூக்கும். காசு கொடுத்துப் போகிறவர்களிடம் நான்கு நாளைக்கு ஆளுக்கு ஒரு லட்சத்து எண்பதாயிரம் ரூபாய் வாங்கினார்கள், சாப்பாடு உட்பட. நீச்சல் தெரிய வேண்டியதில்லை, எங்கள் இருவருக்கும் தெரியாது. மிதவைச் சட்டை தருவார்கள். வாந்தி மாத்திரையைப் படகில் ஏறுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போட்டுவிடுங்கள், வந்தபின் போட்டுப் பிரயோசனமில்லை. ஸ்வெட்டர் வேண்டாம், தொப்பியும் முழுக்கைச் சட்டையும் போதும். நல்ல தேயிலைத் தூள் கால் கிலோ கொண்டு போங்கள். வேலை நேரத்தில் போனைப் படுக்கையிலேயே வைத்துவிடுங்கள். கப்பலின் பெயரை வேண்டுமென்றுதான் எழுதவில்லை. அவர்கள் மேல் ஒரு குறையும் இல்லை, என் கதையோடு அவர்கள் பெயர் ஒட்ட வேண்டாம். தேவைப்படுகிறவர்கள் தனியாகக் கேளுங்கள், தருகிறேன்.

பயண விவரம் மட்டும் வேண்டியவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். மிச்சம், அந்த வாய்ஸைக் கேட்டுச் சிரித்த பக்கத்துத் தோட்டத்து ஆட்களுக்கு. அது இன்னும் போன் போனாகச் சுற்றிக்கொண்டிருக்கிறதாமே, அதனால்தான் கடைசியில் எழுத உட்கார்ந்தேன்.

ஊர் வந்த மறுநாள் காலை பெரட்டு. ஆட்கள் குடியிருக்கிற லயத்துக்கு மேலே ஒரு சவுக்கு சாய்ந்து நின்றது, அதை அன்றைக்கே கழித்தாக வேண்டும். சூசை அண்ணன் கை ஆறாததால் தேவராஜ் ஏற, அவர் பிடிப்பதாகப் பேர் போட்டேன். நல்ல கையுறை கொடுத்தால் பிடித்துவிடுவேன் என்று அவரே சொல்லியிருந்தார். தேவராஜ் முன்னால் வந்தார். தலையைச் சொறிந்தார்.

"ஐயா, கயித்துக்கு வேற ஆளக் குடுங்க."

"ஏன்?"

"சூசண்ணே மேல எனக்குக் கோவமெல்லாம் இல்லீங்க. புள்ளகுட்டிக்காரன் நான். ஒருக்கா விட்ட கை..." என்று நிறுத்திவிட்டார். சூசை அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பதினெட்டு வருடம். அறுபது பேர் கூடைகளோடு நிற்கிறார்கள். அவர் இப்போதும் வாயைத் திறக்கவில்லை. நான் இருக்கிற இடத்தில் அவர் திறக்கவும் மாட்டார்.

"கயித்த விட்டது அவரு இல்ல. நான்" என்றேன். பின்வரிசைக்குக் கேட்கவில்லை, இன்னொரு தரம் சத்தமாகச் சொன்னேன். "போட்டோ எடுக்கப் போயி நான்தான் விட்டேன். எல்லாரும் விட்டப்பெறகு அவர் ஒருத்தருதான் புடிச்சு நிறுத்துனாரு. கையப் பாருங்க. பழிய அவர் மேல போட்டேன். வாய்ஸ்ல நான் சொன்னது பொய்யி."

கொழுந்து பறிக்கிற அக்கா ஒருவர், "அட பாவி மனுஷா" என்றார். மெதுவாகத்தான் சொன்னார், ஆனால் களத்துக்கே கேட்டது. தேவராஜ் போய் சூசை அண்ணனின் இரண்டு கையையும் விரித்துப் பார்த்தார். நிறைய நேரம் பார்த்தார். பிறகு இருவரும் ஒன்றாக மரத்துக்கு நடந்தார்கள்.

நானும் பின்னால் போனேன். தேவராஜ் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு மறுமுனையை சூசை அண்ணனிடம் கொடுத்தார். அவர் கையுறையைப் போட்டு, பக்கத்து மரத்தடியில் இரண்டு சுற்றுச் சுற்றி, "புடிச்சிட்டேன், ஏறு" என்றார். உதவியாக இருக்கட்டுமே என்று நான் ஓரெட்டு முன்னால் வைத்து, கீழே கிடந்த கயிற்றுக்குக் கையை நீட்டினேன்.

ஏறத் தொடங்கிய தேவராஜ் நின்றார். "ஐயா," என்றார், மரியாதையாகத்தான். "நீங்க கயித்துக்கிட்ட வர வேணாங்க. கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

தள்ளி நின்றேன். நான் நகர்ந்த பிறகுதான் அவர் அடுத்த காலை வைத்தார்.